19 விநாடி: தோற்றுப்போன ராக்கியை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

1976இல் வந்த ‘ராக்கி’ என்ற ஹாலிவுட் குத்துச்சண்டைப் படத்தை எப்போதோ பார்த்தவர்களிடம் கடைசிச் சண்டையில் யார் ஜெயித்தது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் ராக்கி என்றே சொல்வார்கள். ராக்கி ஜெயிக்கவில்லை. நடுவர்களின் முடிவு இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து, சாம்பியன் அப்பல்லோ கிரீட் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்கிறான். தோற்றவனை வென்றவனாக நினைவில் வைக்கச் செய்ததுதான் அந்தப் படத்தின் சாமர்த்தியம். அது எப்படி நடந்தது என்று புரிய, சினிமாவுக்கு முன்பு குத்துச்சண்டையின் விதி கொஞ்சம் தெரிய வேண்டும்.

15 ரவுண்டு என்ற அளவுகோல்

அந்தக் காலத்தில் உலகப் பட்டத்துக்கான தொழில்முறைச் சண்டை 15 ரவுண்டு நடக்கும். ஒரு ரவுண்டு 3 நிமிடம், இடையில் 1 நிமிடம் ஓய்வு. கூட்டினால் 45 நிமிட அடிதடி, 14 நிமிட ஓய்வு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. (இப்போது 12 ரவுண்டுதான். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் உடனே 12ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் சில ஆண்டுகள் கழித்துப் பின்தொடர்ந்தன.)

சண்டை முடிய மூன்று முக்கிய வழிகள் உண்டு.

1. நாக் அவுட்: விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழவில்லை.
2. டெக்னிக்கல் நாக் அவுட்: இனி இவரால் முடியாது என்று ரெஃபரி நிறுத்திவிடுகிறார்.
3. தீர்ப்பு: கடைசி மணி அடிக்கும்வரை இருவரும் நிற்கிறார்கள். மூன்று நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணை வைத்து முடிவு சொல்லப்படுகிறது. இருவர் ஒருவருக்கும், மூன்றாமவர் மற்றவருக்கும் போட்டால் அது பிளவுத் தீர்ப்பு.

இந்த மூன்றாவது வழியில்தான் நம் விஷயம் இருக்கிறது. கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ தோற்ற அணிக்குத் தனியாக ஒரு சாதனைக் கணக்கு கிடையாது. குத்துச்சண்டையில் உண்டு. ‘கடைசி மணிவரை நின்றான்’ என்பது வெற்றி தோல்வியைச் சாராத, சரிபார்க்கக்கூடிய தகவல். தோற்கப்போகும் ஒருவனுக்கு நேர்மையான இலக்கு கொடுக்க வேண்டுமானால் இதைவிட வசதியான விளையாட்டு கிடைக்காது.

வெப்னருக்குக் கிடைக்காத 19 விநாடி

1975 மார்ச் 24. ஒஹாயோ மாநிலத்தின் ரிச்ஃபீல்ட் கொலிசியம். ஐந்து மாதம் முன்பு கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தியிருந்த முகமது அலிக்கு எதிரே சக் வெப்னர் என்ற 36 வயதுக்காரர். நியூ ஜெர்சியின் பயோன் ஊரில் மதுபான விற்பனையாளர் வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை போட்டவர். முகம் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால் ‘பயோனின் ரத்தம் சிந்தி’ என்று பட்டப்பெயர். அவர் நான்கைந்து ரவுண்டு தாண்டுவார் என்று நம்பியவர்கள் குறைவு.

ஒன்பதாவது ரவுண்டில் அலி கீழே விழுந்தார். வெப்னர் தன் காலை மிதித்ததால் விழுந்தேன் என்பது அலியின் வாதம். எப்படியோ, உட்கார்ந்தது அலி. அதன் பிறகு அலி சும்மா விடவில்லை. 15ஆவது ரவுண்டில் வெப்னர் விழுந்தார். எழுந்தும் ரெஃபரி நிறுத்திவிட்டார். கடிகாரத்தில் மீதி 19 விநாடி.

அந்தச் சண்டையை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தியேட்டர் திரையில் நேரலையாகப் பார்த்தவர்களில் வாய்ப்புக் கிடைக்காத நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோனும் ஒருவர். மூன்றரை நாளில் முதல் வரைவை எழுதியதாக அவர் சொல்லிவருகிறார். ராக்கிக்கு அவர் கொடுத்தது, வெப்னருக்குக் கிடைக்காத அந்த 19 விநாடியைத்தான். பட்டத்தைக் கொடுத்திருந்தால் அது வழக்கமான கதையாகப் போயிருக்கும்.

தோல்வியை வெற்றியாக உணரவைக்கும் கட்டுமானம்

படத்தை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால் வேலை தெரியும்.

1. *விலை முதலில் சொல்லப்படுகிறது.* ஒரு சின்ன அரங்கில் ராக்கி ஜெயிக்கும் சண்டையோடு படம் தொடங்குகிறது. சம்பளத்தில் லாக்கர், கார்னர் ஆள் (ஓய்வு நேரத்தில் மூலையில் வீரரைக் கவனிக்கும் உதவியாளர்), குளியல், துண்டு, வரி எல்லாம் பிடித்துக்கொண்டு கையில் தருவது 40 டாலர் 55 சென்ட். அப்பல்லோவுடன் மோத அவனுக்குப் பேசப்படுவது 1,50,000 டாலர். இந்த இரண்டு எண்ணும் நாயகனின் நிலைமையை எந்த அழுகை வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகின்றன. பிழைப்புக்கு அவன் கந்துவட்டிக்காரனுக்கு வசூல் செய்கிறான். கட்டைவிரலை உடைக்கச் சொன்னாலும் உடைக்காமல் வருகிறான்.

2. *வாய்ப்பு தகுதியால் வரவில்லை.* அப்பல்லோவுடன் மோத வேண்டியவருக்குக் கையில் அடி. தேதிக்கு ஐந்து வாரம்தான் மிச்சம். வேறு ஆள் சிக்கவில்லை. அப்பல்லோ பெயர்ப் பட்டியலைப் புரட்டி ‘இத்தாலியன் ஸ்டாலியன்’ என்ற பட்டப்பெயர் போஸ்டரில் நன்றாக இருக்கும் என்று எடுக்கிறான். நாயகனைத் தேர்ந்தெடுத்தது விளம்பரப் புத்தி. திறமைக்குப் பரிசு கிடைத்ததாகப் படம் பொய் சொல்லவில்லை.

3. *தாக்குப்பிடிக்க ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.* ராக்கி இடது கைக்காரன்; ரிங் மொழியில் சவுத்பா. வலது கால் முன்னால், வலது கையால் ஜாப் (நேராக நீட்டி விடும் வேகமான குத்து), பலமான குத்து இடது கையிலிருந்து. வழக்கமான நிலையில் நிற்பவருக்கு எல்லாமே தலைகீழாக வரும். முன்கால்கள் ஒன்றோடொன்று மோதும், வழக்கமாக விலகும் பக்கமே குத்து வரும் பக்கமாகிவிடும். அப்பல்லோவின் பயிற்சியாளர் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லி எச்சரிக்கிறார். அவனோ விளம்பரக் கணக்கில் மும்முரமாக இருக்கிறான். முதல் ரவுண்டிலேயே அவன் விழும்போது அது அதிசயமாகத் தெரியாமல் நம்பும்படி இருப்பதற்கு இந்த விதை போதும்.

4. *சண்டைக்கு முந்தின இரவு இலக்கு மாறுகிறது.* காலி அரங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன்னால் ஜெயிக்க முடியாது என்று காதலி ஏட்ரியனிடம் ஒத்துக்கொள்கிறான். கடைசி மணி அடிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் போதும், தெருவில் திரியும் இன்னொரு வெட்டிப்பயல் இல்லை என்று தெரிந்துவிடும் என்கிறான். பார்வையாளர் கையில் இருந்த அளவுகோல் இங்கே மாற்றித் தரப்படுகிறது. இதற்குப் பிறகு நாம் எண்ணுவது ரவுண்டுகளை.

5. *14ஆவது ரவுண்டு.* ராக்கி விழுகிறான். அவனுடைய பயிற்சியாளர் மிக்கியே எழாதே என்று கத்துகிறார். அப்பல்லோ கையைத் தூக்கிவிட்டான். கயிற்றைப் பிடித்து ராக்கி எழுவதைத் திரும்பிப் பார்க்கும்போது அப்பல்லோவின் முகம் தொங்கிப்போகிறது. என் கணக்கில் படத்தின் உச்சக்காட்சி அந்த முகம்தான்.

6. *தீர்ப்பு காதில் விழுவதே இல்லை.* கடைசி மணி அடித்ததும் ராக்கி ஏட்ரியனைத் தேடிக் கத்துகிறான், அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், இசை ஏறுகிறது. அறிவிப்பாளர் மதிப்பெண் வாசிப்பது அந்த இரைச்சலுக்கு அடியில் போய்விடுகிறது. ராக்கி ஜெயித்தான் என்று பலர் நினைவு வைத்திருப்பதற்கு நேரடிக் காரணம் இந்த ஒலிக்கலவை.

குத்துச்சண்டை தெரிந்தவர்கள் படத்தில் குறை சொல்வதும் நியாயமே. இருவரும் கையை உயர்த்தித் தடுப்பதே அபூர்வம். அத்தனை சுத்தமான தலைக்குத்துகள் விழுந்தால் நிஜத்தில் மூன்றாவது ரவுண்டைத் தாண்டாது. வீங்கி மூடிய இமையைக் கார்னரில் பிளேடால் கீறுவதும் இன்று யாரும் செய்கிற வேலை இல்லை. ஐஸில் வைத்த உலோகக் கட்டியால் வீக்கத்தை அழுத்துவார்கள். வெட்டுக்காயம் என்றால் அட்ரினலின் தொட்ட பஞ்சு, மேலே வாஸலின். எல்லாம் அந்த ஒரு நிமிட ஓய்வுக்குள் முடிய வேண்டும்.

72 படிகள், இரண்டு தடவை

ராக்கியைப் பார்க்காதவருக்கும் தெரிந்த காட்சி, ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் 72 படிகளில் அவன் ஓடி ஏறிக் கையை உயர்த்துவது. அதற்குப் பிறகு வந்த விளையாட்டுப் படங்கள் பலவற்றிலும் ஒரு ‘பயிற்சிப் பாட்டு’ இருக்கிறது. பெரும்பாலானவை நெஞ்சில் நிற்காததற்குக் காரணம், நகல் எடுத்தவர்கள் முதல் தடவையை விட்டுவிட்டார்கள்.

படத்தில் ராக்கி அந்தப் படியில் இரண்டு முறை ஏறுகிறான். முதல் நாள் விடியுமுன் இருட்டில் எழுந்து ஐந்து பச்சை முட்டையை டம்ளரில் உடைத்துக் குடித்துவிட்டுக் குளிரில் ஓடுகிறான். படியேறி முடிக்கையில் விலாவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறான். பாட்டு இல்லை, கொண்டாட்டம் இல்லை. வெகுநேரம் கழித்து அதே படி, அதே உடை, ஆனால் கால் வேகம் வேறு. உடல் மாறியதை நாமே ஒப்பிட்டுத் தெரிந்துகொள்கிறோம். முதல் ஏற்றத்தை வெட்டியெறிந்தால் இரண்டாவது வெறும் ஓட்டம்.

கேமராவுக்கும் இதில் பங்கு உண்டு. காரெட் பிரவுன் அப்போதுதான் ஸ்டெடிகேம் கருவியை உருவாக்கியிருந்தார். இயக்குபவர் உடலில் ஒரு கவசம், அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த கை, அதன் முனையில் கம்பம். கம்பத்தின் மேலே கேமரா, கீழே எடையைச் சமன்செய்ய மானிட்டரும் பேட்டரியும். ஓடுபவரின் குலுக்கல் ஸ்பிரிங்கோடு நின்றுவிடும். தண்டவாளம் போட முடியாத படிக்கட்டில் இதனால் கேமரா மிதந்து ஏறியது. வேடிக்கை என்னவென்றால், பிரவுன் தன் கருவியைக் காட்ட எடுத்த மாதிரிப் படத்தில் ஒரு பெண் இந்தப் படிகளில்தான் ஓடுகிறார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் ஜி. ஆவில்ட்சன் இந்தப் படி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

பில் கான்டியின் இசை எக்காளங்களின் முழக்கத்தோடு தொடங்கும். பாட்டில் மொத்தம் 30 சொல் அளவுக்குத்தான் வரிகள். 1977 ஜூலையில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் போனது. சொல் குறைவாக இருந்ததால் மொழி தெரியாதவரும் முணுமுணுக்க முடிந்தது.

கையில் காசில்லாததால் விளைந்தவை

படத்தின் செலவு சுமார் 10 லட்சம் டாலர், படப்பிடிப்பு 28 நாள். அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூல். சிறந்த படம், இயக்கம், படத்தொகுப்பு என மூன்று ஆஸ்கர். ஸ்டாலோன் நடிப்பு, திரைக்கதை இரண்டுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். விருது மேடையில் முகமது அலி திடீரென்று தோன்றி, நிஜ அப்பல்லோ நான்தான் என்று அவரோடு விளையாட்டுக்கு மல்லுக்கட்டினார்.

இந்த எளிமையில் பாதி நிர்ப்பந்தம். பனிச்சறுக்குத் தளக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். துணை நடிகர்களுக்குப் பணமில்லை. ஆகவே மூடிய தளத்தில் காவலாளிக்குக் காசு கொடுத்துப் பத்து நிமிடம் சறுக்குவதாக மாற்றினார்கள். காலி தளத்தில் ஏட்ரியன் சறுக்க, ராக்கி பக்கத்தில் நடந்துகொண்டே பேசுகிறான். ராக்கியின் அங்கி தொளதொளவென்று தைக்கப்பட்டு வந்தது. அரங்கில் மாட்டிய ராக்கியின் பெரிய படத்தில் கால்சட்டை நிறம் மாறிப்போனது. இரண்டையும் வசனத்தில் சேர்த்துவிட்டார்கள். கால்சட்டை நிறம் தப்பு என்று ராக்கி சொல்ல, போட்டி ஏற்பாட்டாளர் அதனாலென்ன என்று கடந்துபோகும் அந்தச் சின்ன அவமானம், திட்டமிட்டு எழுதியிருந்தால் இவ்வளவு சுடாது.

கடைசிச் சண்டையைத் தலைகீழாக எடுத்தார்கள். முதலில் 15ஆவது ரவுண்டு, முழு வீக்க ஒப்பனையோடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீக்கத்தைக் கழற்றி முதல் ரவுண்டுக்கு வந்தார்கள்.

1976 ஏன் அதற்குச் சரியான ஆண்டு

1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் ராஜினாமா. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்து, வியட்நாம் போர் அமெரிக்காவுக்குத் தோல்வியாக முடிந்தது. ஃபிலடெல்ஃபியா போன்ற தொழில் நகரங்களில் ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. அதே நகரில் 1776இல் கையெழுத்தான சுதந்திரப் பிரகடனத்தின் 200ஆவது ஆண்டு விழாவுக்கு நாடு தயாரானது. படத்தின் சண்டை இந்த விழாவை வைத்து நடத்தப்படும் விளம்பர நிகழ்ச்சி. அப்பல்லோ ஜார்ஜ் வாஷிங்டன் வேடத்தில் அரங்குக்குள் வருகிறான். ஜெயித்தோம் என்று சொல்ல முடியாத நாடு, விழவில்லை என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. ரசிகர்கள் பேச விரும்பாதது. 1908இல் ஜாக் ஜான்சன் சிட்னியில் ஜெயித்து முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனபோது, அவரை வீழ்த்த ஒரு வெள்ளைக்காரரைத் தேடும் வெறி அமெரிக்காவில் கிளம்பியது. ஓய்வுபெற்றிருந்த வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரிஸை 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் இறக்கினார்கள். ஜான்சன் அவரை 15ஆவது ரவுண்டில் முடித்தார். பல ஊர்களில் கலவரம் வெடித்தது. ராக்கி வந்த காலத்தில், 1960இலிருந்து எந்த வெள்ளையரும் அந்தப் பட்டத்தை வைத்திருக்கவில்லை. திரையில் வாயாடியான கறுப்புச் சாம்பியனுக்கு எதிரே அடக்கமான வெள்ளைக்காரன் நிற்பது இந்தப் பின்னணியில் சும்மா தற்செயல் இல்லை. படம் அப்பல்லோவைப் புத்திசாலியாகவும் கடைசியில் வெற்றியாளனாகவும் வைத்ததால் தப்பித்தது என்பேன். முழுக்கத் தப்பித்தது என்று சொல்லமாட்டேன்.

ஜெயிக்க ஆரம்பித்த பிறகு

1979, 1982, 1985 தொடர்ச்சிகளில் ராக்கி பட்டம் வாங்குகிறான், இழந்து மீட்கிறான், மாஸ்கோவில் சோவியத் வீரனையும் வீழ்த்துகிறான். வசூலில் குறைவில்லை, நான்காம் பாகம் முதல் படத்தையும் மிஞ்சியது. ஆகவே ‘மக்களுக்குத் தோல்விதான் பிடித்தது’ என்று சொன்னால் அது பொய். ஆனால் மதிப்பை மீட்க நினைத்தபோதெல்லாம் படைத்தவர்கள் போய் நின்ற இடத்தைக் கவனியுங்கள். 2006இல் முதிய ராக்கி பத்து ரவுண்டு காட்சிப் போட்டியில் மோதிப் பிளவுத் தீர்ப்பில் தோற்கிறான். 2015இல் ரயன் கூக்லர் இயக்கிய ‘கிரீட்’ படத்தில் அப்பல்லோவின் மகன் விழுந்து எழுந்து, சாம்பியனையும் ஒருமுறை விழவைத்து, அவனும் பிளவுத் தீர்ப்பிலேயே தோற்கிறான். முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் அதே இரண்டுக்கு ஒன்று.

தமிழில் இதை வைத்துப் பார்க்க 2021இல் பா. ரஞ்சித் எடுத்த ‘சார்பட்டா பரம்பரை’ நல்ல ஒப்பீடு. கதை நடப்பது ஏறக்குறைய ராக்கியின் அதே ஆண்டுகளில், நெருக்கடி நிலைக்கால வடசென்னையில். துறைமுகக் கூலி கபிலன் ஜெயிக்கும் தறுவாயில் ஆட்டம் கலைக்கப்படுகிறது, ஆயிரம் பேர் நடுவே அவன் உடை உருவப்படுகிறது. இப்படிப்பட்டவனிடம் ‘மணிவரை நின்றால் போதும்’ என்று சொல்ல முடியுமா? ராக்கிக்குத் தன்னிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கபிலனுக்குப் பறித்தவர்களிடமிருந்து திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. சாதியும் பரம்பரை மானமும் ரிங்குக்குள் ஏறிவிட்டால் பிளவுத் தீர்ப்பு யாருக்கும் ஆறுதல் தராது. அதனால் கபிலன் கடைசியில் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. கதையின் அச்சு ஒன்றே போலத் தெரிந்தாலும் அளவுகோல் வேறு.

நான்கு சிலைகள்

மூன்றாம் பாகத்துக்காகச் சிற்பி தாமஸ் ஷோம்பர்க் செய்த வெண்கல ராக்கி சுமார் எட்டரை அடி. படப்பிடிப்பு முடிந்து படிமேல் விட்டுச்சென்றபோது, கலையா சினிமாச் சாமானா என்று நகரத்தில் சண்டை வந்தது. சிலை அதே நகரின் ஸ்பெக்ட்ரம் விளையாட்டரங்குக்குப் போய், 2006இல் அருங்காட்சியகப் படிகளின் அடிவாரத்துக்குத் திரும்பியது. 2007இல் செர்பியாவில் ஜிடிஷ்டே என்ற, வெள்ளத்தில் அடிபட்ட ஊரும் தனக்கென்று ஒரு ராக்கி சிலை வைத்துக்கொண்டது.

ஃபிலடெல்ஃபியாவில் நிஜமாகவே வாழ்ந்த சாம்பியன் ஜோ ஃப்ரேசியர். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்து, தொங்கும் இறைச்சியைக் குத்திப் பழகியவர். அந்தப் படிகளில் ஓடியதும் தான்தான் என்று சொன்னவர். 1971 மார்ச் 8 அன்று 15ஆவது ரவுண்டில் இடது ஹுக்கால் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) அலியைத் தரையில் தள்ளியவர். ராக்கி படத்தில் ஒரு நிமிடம் ஜோ ஃப்ரேசியராகவே வந்து கைகொடுத்துவிட்டுப் போவார். 2011இல் இறந்தார். அவருக்கு நகரில் சிலை எழுந்தது 2015இல், அரங்குகள் இருக்கும் தெற்குப் பகுதியில்.

வெப்னர் தன் கதையை வைத்து லாபம் பார்த்ததாக ஸ்டாலோன் மீது 2003இல் வழக்குப் போட்டார். 2006இல் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். பயோன் ஊரில் அவருக்குச் சிலை வைத்தது 2022இல். அப்போது அவருக்கு வயது 83.